பாஸ்புக்கில் இல்லாத எட்டு எழுத்து!

நியூஜெர்சியில் இருந்து மகன் போன் செய்கிறான். “அப்பா, பணம் அனுப்பப் போறேன். உங்க பேங்க் ஸ்விப்ட் கோடு என்ன?” மயிலாப்பூரில் அப்பா கண்ணாடியைத் தேடி எடுக்கிறார். பாஸ்புக்கைப் புரட்டி, அதில் அச்சாகி இருக்கிற 11 எழுத்தைப் படித்துச் சொல்கிறார். மகன் எழுதிக்கொள்கிறான். வந்தது வினை!

அப்பா படித்தது ஐ.எப்.எஸ்.சி. அது உள்நாட்டுச் சமாசாரம். தியாகராய நகரில் இருந்து திருநெல்வேலிக்குப் பணம் அனுப்ப அது போதும். அமெரிக்க பாங்கிக்கு அது பிடிபடாது. ஒன்று, பணம் கிளம்பவே கிளம்பாது. இல்லாவிட்டால் கிளம்பி, வழியில் நிற்கிற பாங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொண்ட பிறகு, இளைத்துப்போய் அனுப்பியவனிடமே திரும்பும். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்றால் அதுவரை யாரிடம் போய்க் கை நீட்டுவது?

இதற்கு ஜனங்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இரண்டு குறியீடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. இந்தியன் பாங்கிக்கு இரண்டிலுமே முதல் நாலு எழுத்து ஐ.டி.ஐ.பி. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கிக்கு ஐ.ஓ.பி.ஏ. ஸ்டேட் பாங்கிக்கு எஸ்.பி.ஐ.என். பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஐந்தாவது எழுத்து. அங்கே பூஜ்யம் இருந்தால் ஐ.எப்.எஸ்.சி. ஐந்தும் ஆறுமாக ‘ஐ.என்.’ என்று இந்தியாவின் பெயர் இருந்தால் ஸ்விப்ட். இதில் பாங்கிக்கு நாலு, தேசத்துக்கு இரண்டு, ஊருக்கு இரண்டு, ஆக 8. கிளைக்கென்று மூன்று சேர்ந்தால் 11. அந்த மூன்றும் எக்ஸ், எக்ஸ், எக்ஸ் என்றிருந்தால் தலைமை அலுவலகம் என்று அர்த்தம்.

ஸ்விப்ட் என்பது 1973-ல் 15 நாடுகளின் 239 பாங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்தில் தொடங்கிய சங்கம். அது பணத்தைச் சுமந்து போவதில்லை. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்ற தகவலைத்தான் சுமந்து போகிறது. முன்பு டெலக்ஸ் செய்த வேலை. 2016-ல் பங்களாதேஷ் மத்திய பாங்கியின் பெயரில் இந்த வழியாகவே பொய்த் தகவல் அனுப்பி 8 கோடியே 10 லட்சம் டாலரை அடித்துப் போனார்கள். இலங்கைக்கு வந்த 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுகிறவர் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற வார்த்தையைத் திருடர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள்! திருடனுக்கு எழுத்துப்பிழை வந்தால் நல்லது. மயிலாப்பூர் அப்பாவுக்கு வந்தால்?

சரி, கிளையிலேயே கேட்கலாம் என்று போனால், “எங்க பிராஞ்சுக்கு அது கிடையாது சார்” என்று கவுண்ட்டரில் கையை விரிக்கிறார்கள். பொய் இல்லை. எல்லாக் கிளைக்கும் ஸ்விப்ட் கிடையாது. வெளிநாட்டுப் பணம் கையாளுகிற கிளைகளுக்குத்தான் உண்டு. ஆனால் அது பாதி பதில். தலைமை அலுவலகத்தின் குறியீட்டையோ, அந்தக் கிளைக்கு வழி விடுகிற பெரிய கிளையின் குறியீட்டையோ கொடுத்து, கூடவே கணக்கு எண்ணும் ஐ.எப்.எஸ்.சி.யும் எழுதினால் பணம் வந்து சேரும். இந்த மீதி பாதியைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? பாரத்தில் ‘ஐபான்’ என்று ஒரு கட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். இந்திய பாங்கிகளுக்கு அது கிடையாது.

“இன்டர்நெட்டில் பார்த்துக்கலாம்” என்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2020 ஏப்ரலில் அலகாபாத் பாங்கி இந்தியன் பாங்கியோடும், சிண்டிகேட் பாங்கி கனரா பாங்கியோடும் சேர்ந்தன. அதே வருஷம் நவம்பரில் லட்சுமி விலாஸ் பாங்கி டி.பி.எஸ். பாங்கிக்குள் போயிற்று. பழைய குறியீடுகள் செத்துப்போயின. அவற்றைப் போட்ட பட்டியல்கள் மட்டும் சாகவில்லை. பாங்கியின் சொந்த வலைத்தளத்தையோ ஸ்விப்ட் நிறுவனத்தின் தளத்தையோதான் நம்பலாம். ஐ.எப்.எஸ்.சி.க்கு ரிசர்வ் பாங்கி தளம். தேடும்போது கிடைக்கிற ‘உதவி எண்’ணுக்குப் போன் போட்டு, ஓ.டி.பி. கேட்டால் உடனே வைத்துவிட வேண்டும். பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி. எதற்கு?

ஐ.எப்.எஸ்.சி. இன்று பாஸ்புக்கிலும் செக்கிலும் இருக்கிறது என்றால், அது ரிசர்வ் பாங்கி சொன்னதால் வந்தது. ஸ்விப்டுக்கும் அப்படி ஓர் உத்தரவு போடலாம். வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில் என்கிற அடையாறிலும் மயிலாப்பூரிலும் கிளை மானேஜர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வேலை நேரம், லாக்கர் நேரம், விடுமுறை நாள் எல்லாம் எழுதிய பலகை வாசலில் தொங்குகிறது. அதன் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.