அழிக்கக் கூடாத முதல் கோடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

கல்யாணத்துக்காவது முகூர்த்த நாள் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை குறை இருந்தாலும் அந்த நேரத்தில் தாலி கட்டியாக வேண்டும். வீட்டு வேலை அப்படி அல்ல. அது இழுத்துக்கொண்டே போகும்.

கடைக்கால் தோண்டும்போது மேஸ்திரி, "தை மாதம் பால் காய்ச்சிவிடலாம், ஐயா" என்பார். தை பிறக்கும். தளம் மட்டும்தான் போட்டிருக்கும். கேட்டால், "பூச்சு வேலைதானே பாக்கி? சித்திரையில் குடி வந்துவிடலாம்" என்பார். சித்திரையும் போய்விடும். இதற்குள் ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வங்கிக் கடன் தவணை என்று குடும்பம் இரண்டு சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"முதலில் எந்த மாதம் சொன்னீர்கள்?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்பார்.

"நான் சித்திரை என்றுதானே அம்மா சொன்னேன்?" என்பார் மேஸ்திரி.

அவர் பொய் சொல்லவில்லை. முதலில் சொன்ன தேதி அவருக்கே மறந்துவிட்டது!

இந்த மறதிக்கு ஒரு மருந்து உண்டு. போட்ட திட்டத்தை ஒரு கோடாகவும், நடந்த வேலையை அதன் பக்கத்தில் இன்னொரு கோடாகவும் வரைந்து வைப்பதே அந்த மருந்து. பாலம், அணை, ரெயில் பாதை போன்ற பெரிய வேலைகளில் இதை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் மருந்து பலிக்க ஒரு பத்தியம் இருக்கிறது. முதல் கோட்டை யாரும் அழிக்கக் கூடாது!

கோடு வந்த கதை

ஹென்றி காண்ட் என்பவர் அமெரிக்க என்ஜினீயர். 1861-ம் ஆண்டு பிறந்து, 1919-ம் ஆண்டு இறந்தவர். தொழிற்சாலை வேலைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறையைப் பரப்பியவர் அவர். நீளமான வேலைக்கு நீளமான கோடு. குட்டையான வேலைக்குக் குட்டையான கோடு. மேலே தேதிகள் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் பார்த்த உடனே புரியும். அந்தப் படம் இன்றும் அவர் பெயராலேயே "காண்ட் சார்ட்" என்று அழைக்கப்படுகிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1957-ம் ஆண்டில், டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனியின் வேலைகளுக்காகக் கம்ப்யூட்டரில் அட்டவணை போடும் முறை உருவானது. 1958-ம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதேபோன்ற ஒரு முறையை உருவாக்கியது. 1980-களில் மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. மைக்ரோசாப்ட் பிராஜெக்ட், பிரைமவேரா ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை.

கம்ப்யூட்டர் செய்வது என்ன?

வீட்டு வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கால், சுவர், தளம், பூச்சு, வயரிங், வெள்ளையடிப்பு என்று எல்லா வேலைகளையும் வரிசையாக எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று குறிக்கிறார்கள். இது முதல் திட்டம். வேலை தொடங்கும் முன் இதை அப்படியே பூட்டி வைக்கச் சொல்கிறது மென்பொருள். படத்தில் இது சாம்பல் நிறக் கோடாகத் தெரியும்.

வேலை தொடங்கியதும், உண்மையில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இதுவரை முடிந்த அளவு ஆகியவற்றைப் பதிகிறார்கள். சாம்பல் கோட்டுக்கு மேலே வேறு நிறத்தில் இன்னொரு கோடு வளர்கிறது.

சுவருக்கு 20 நாள் என்று போட்டிருந்தார்கள். ஆனது 26 நாள். 6 நாள் தாமதம். சுவர் எழும்பாமல் தளம் போட முடியாது. தளம் போடாமல் உள்பூச்சு பூச முடியாது. ஆகவே கம்ப்யூட்டர் அந்த வேலைகளையும் 6 நாள் தள்ளிக் காட்டுகிறது. கிரகப்பிரவேசமும் 6 நாள் தள்ளிப் போகிறது.

ஆனால் தெருப் பக்கத்துச் சுற்றுச்சுவர் 6 நாள் தாமதமானால்? கிரகப்பிரவேசத்துக்கு ஆபத்து இல்லை. அதைச் சற்றுப் பொறுத்துக் கட்டலாம். எந்தத் தாமதம் கழுத்தைப் பிடிக்கும், எந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பிரித்துக் காட்டுவதுதான் இதன் பெரிய உதவி.

பணத்திலும் ஒரு பாடம்

20 லட்சம் ரூபாய் செலவில் ஒரு வீடு. இன்றைய தேதிக்குள் 10 லட்ச ரூபாய் வேலை முடிய வேண்டும் என்பது திட்டம். செலவுக் கணக்கைப் பார்த்தால் 10 லட்சம் ரூபாய்தான் செலவாகி இருக்கிறது. "திட்டமும் செலவும் சரியாக இருக்கிறது" என்று வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

அவர் மூன்றாவது எண் ஒன்றைப் பார்க்கவில்லை. திட்டக் கணக்குப்படி, முடிந்த வேலையின் மதிப்பு என்ன? அளந்து பார்த்தால் 8 லட்சம்தான்! அதாவது வேலை 2 லட்ச ரூபாய் அளவுக்குப் பின்தங்கி இருக்கிறது. 8 லட்ச ரூபாய் வேலைக்கு 10 லட்சம் போயிருக்கிறது. இதே கதி நீடித்தால் வீடு முடிய 25 லட்சம் ஆகும்!

போட்ட திட்டம், முடிந்த வேலை, செலவான பணம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரண்டை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்.

அழிக்கும் ஆசை

இவ்வளவு நல்ல கருவி இருந்தும் வேலைகள் ஏன் தாமதமாகின்றன? தாமதம் ஏன் கடைசி நிமிடத்தில்தான் வெளியே தெரிகிறது?

கருவிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. மனிதர் எழுதுவதைத்தான் அது காட்டும். வேலை 3 மாதம் பின்தங்கிவிட்டது என்றால், புதிய தேதிகளை முதல் திட்டத்தின் மேலேயே பதிந்துவிடலாம். உடனே இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். தாமதம்: பூஜ்யம்! மேலதிகாரிக்கும் மகிழ்ச்சி. ஆனால் 3 மாதம் எங்கே போனது என்று இனி யாருக்கும் தெரியாது.

"மழை பெய்கிறது, மணல் கிடைப்பதில்லை, விலை ஏறுகிறது. திட்டத்தை மாற்றாமல் எப்படி வேலை செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திட்டத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவது வேறு, அழிப்பது வேறு. மைக்ரோசாப்ட் பிராஜெக்டில் ஒன்றல்ல, 11 திட்டங்களைத் தனித்தனியாகப் பூட்டி வைக்க இடம் இருக்கிறது. புதிய திட்டத்தைப் பழையதின் பக்கத்தில் வைக்கலாம். பழையதின் தலையில் வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு தந்திரம், சதவீதம். "எவ்வளவு முடிந்தது?" என்றால் "90 சதவீதம்" என்பார்கள். அடுத்த மாதம் கேட்டாலும் அதே 90 சதவீதம்தான்! கண் மதிப்பில் சொல்லும் சதவீதத்துக்கு மதிப்பு இல்லை. எத்தனை அறை பூசியாயிற்று, எத்தனை குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தாயிற்று என்று எண்ணிச் சொல்வதே கணக்கு.

பெர்லின் சொல்லும் பாடம்

ஜெர்மனி நாட்டின் தலைநகரான பெர்லினில் புதிய விமான நிலையம் கட்டும் வேலை 2006-ம் ஆண்டு தொடங்கியது. 2012-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி திறப்பு என்று நாள் குறித்திருந்தார்கள். கட்டிடம் கம்பீரமாக நின்றது. பார்க்கிறவர் கண்ணுக்கு வேலை முடிந்த மாதிரிதான்.

ஆனால் மே 8-ந் தேதி இடி விழுந்தாற்போல் ஒரு அறிவிப்பு வந்தது. திறப்பு விழா ஒத்திவைப்பு! நான்கு வாரம்கூட இல்லாத நேரத்தில்! தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு சரியாக இயங்கவில்லை. அதை உடனே சரி செய்ய முடியவில்லை. தேதி மேல் தேதி மாறியது. கடைசியில் விமான நிலையம் திறக்கப்பட்டது 2020-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி! 8 ஆண்டுகளுக்கு மேல் தாமதம்.

திறமைக்குப் பேர் போன நாட்டிலேயே இப்படி. சுவரும் கூரையும் நிற்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் அல்ல. சோதித்துப் பார்த்து, "சரி" என்று கையெழுத்து விழுந்தால்தான் வேலை முடிந்ததாகும்.

தாமதம் எல்லாம் குற்றமா?

இல்லை. சில சமயம் தப்பு வேலையில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி ஆபரா மாளிகை உலகப் புகழ் பெற்றது. 1959-ம் ஆண்டு வேலை தொடங்கியபோது, 1963-ல் முடியும் என்றார்கள். 70 லட்சம் டாலர் செலவு என்றார்கள். முடிந்தது 1973-ல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்! காரணம் என்ன? கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பிறகு கூரையின் பாரம் தாங்காது என்று தூண்களை மாற்றிக் கட்ட வேண்டி வந்தது.

முதல் தேதியும் முதல் செலவும் எழுத்தில் இருப்பதால்தான் இந்தப் பாடம் உலகத்துக்குக் கிடைத்தது. அவற்றை அழித்திருந்தால், மாளிகை மட்டும் மிஞ்சியிருக்கும், பாடம் மிஞ்சியிருக்காது.

46 நாளில் ஒரு பாலம்

முதல் கோடு தாமதத்தை மட்டும் காட்டுவதில்லை. சாதனையையும் அதுதான் காட்டும்.

1964-ம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரெயில் பாலத்தையும் சின்னாபின்னமாக்கியது. அதைச் சீரமைக்க 6 மாதம் என்று திட்டம் போட்டார்கள். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்ற இளம் என்ஜினீயர் ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கடலில் விழுந்த கர்டர்களை எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் தயார்!

"46 நாள்" என்றால் இன்றும் வியப்பு ஏற்படுவது ஏன்? பக்கத்தில் "6 மாதம்" என்ற முதல் கோடு இருப்பதால்தான். அதே ஸ்ரீதரன் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரெயில் வேலையை நடத்தியபோது, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும் கடிகாரங்களை வைத்தார். தேதி எல்லோர் கண்ணிலும் பட்டது. மறக்க வழியே இல்லை.

பலகையில் இரண்டு தேதி

பாலம், சாலை, மருத்துவமனை எல்லாம் மக்கள் பணத்தில் எழும்புகின்றன. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று, மத்திய புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் அறிக்கை வெளியிட்டு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெருவில் பள்ளத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது, வேலை நடக்கும் இடத்தில் உள்ள பலகையைத்தான்.

அந்தப் பலகையில் வேலை முடியும் தேதி மாறினால், பழைய தேதியின் மேல் வண்ணம் பூசி மறைக்கக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும். கீழே புதிய தேதியை எழுதட்டும். பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட்!

இன்னொன்றும் வேண்டும். "தாமதம் ஆகிறது" என்று முதலில் வந்து சொல்கிறவரைத் திட்டக் கூடாது. உண்மை சொன்னவருக்கு வசவும், "90 சதவீதம்" என்றவருக்குப் பாராட்டும் கிடைக்கும் இடத்தில், எந்தக் கம்ப்யூட்டரும் பொய்யைத்தான் அச்சடித்துக் கொடுக்கும். 6 நாள் தாமதத்தை இன்றே சொன்னால் ஆள் கூட்டிச் சரி செய்யலாம். 6 மாதம் கழித்துச் சொன்னால் கையைப் பிசைவதைத் தவிர வழி இல்லை.

வீடு கட்டும் குடும்பத்துக்குக் கம்ப்யூட்டர் தேவை இல்லை. ஒரு 40 பக்க நோட்டு போதும். இடது பக்கம், சொன்ன தேதி. வலது பக்கம், நடந்த தேதி. வாரம் ஒரு முறை மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். அவருக்கும் அது நல்லதுதான். மணல் வராமல் நின்ற நாள் எது, வீட்டுக்காரர் பணம் தராமல் நின்ற நாள் எது என்று அதில் தெரிந்துவிடும் அல்லவா?

ஆகவே அந்த நோட்டில் எழுதுவது பேனாவாகவே இருக்கட்டும். பென்சிலும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம்!