அம்பு எதன் மேல் உட்காருகிறது?

பிரான்சில் ஓர்லெயான் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் சென்ற வாரம் கூப்பிட்டான். "மாமா, வில்லுக்கு வேற தாங்கி வாங்கப் போறேன். அன்னைக்கு நீங்க சொன்னதையே வாங்கிடலாமான்னு பார்க்குறேன்" என்றான். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அவன் ஏன் மாற்றுகிறான் என்பது எனக்குத் தெரியும்.

வேட்டை வில்லுக்கும் புதுச்சேரியில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கும் கிழவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் நாட்டில் இப்போது வனவிலங்குச் சட்டப்படி வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரான்சில் அப்படி இல்லை. வில்லால் வேட்டையாட அங்கே 1995இல் முறையான அனுமதி வந்தது. வேட்டை உரிமத் தேர்வு எழுத வேண்டும், வில்லுக்கென்று தனியாக ஒரு நாள் பயிற்சிக்கும் போக வேண்டும். ஒவ்வொரு அம்பிலும் உரிம எண்ணை அழியாதபடி எழுத வேண்டும். நம் வீடுகளில் பாதிக்குப் பாதி பிள்ளைகள் அங்கேதானே இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவனுக்கு இந்த ஆசை வந்தால் வியப்பில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்திலேயே சொலோங் காடு. வேட்டைக்குப் பேர்போன இடம். பையன் புதிதாக ஒரு காம்பவுண்ட் வில் வாங்கியிருந்தான். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். நாணை முழுக்க இழுத்துவிட்டால் சக்கரம் சுமையை வாங்கிக்கொள்ளும். கைக்குக் கால் பங்கு பாரம்தான் மிஞ்சும். அதற்கு அம்புத்தாங்கி வாங்கக் கடைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனான். பிரெஞ்சில் அதற்கு ரெப்போஸ் ஃப்ளேஷ் என்று பெயர். அம்பு இளைப்பாறும் இடம்! கடையில் கொடுத்த விளக்கத் தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வரி விடாமல் படித்தேன். குமாஸ்தா புத்தி, என்ன செய்வது?

விஷயம் இதுதான். அம்பின் முன்பகுதி இந்தத் தாங்கியின் மேல் உட்காரும். நாணை விட்டதும் அம்பு முன்னே பாயும்போது அதன் வாலில் உள்ள இறகுகள் தாங்கியைக் கடந்து போக வேண்டும். அங்கே உரசினால் குறி விலகும். பள்ளிக்கூடத்தில் லா ஃபோன்தேனின் கதை ஒன்று படித்திருக்கிறோம். தன் இனத்தின் இறகே அம்பில் கட்டப்பட்டிருப்பதைக் கண்டு அடிபட்ட பறவை அழும் கதை. அந்த இறகால் எய்பவனுக்கும் இப்படித் தொல்லை உண்டு என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

கடையில் இரண்டு வகையை எடுத்து வைத்தார்கள். ஒன்று வட்டமான வளையம். உள்ளே சுற்றிலும் பிரஷ் போல விறைப்பான மயிர். அம்பை நடுவே நுழைத்துவிட்டால் வில்லைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் விழாது. விஸ்கர் பிஸ்கட் என்று ஒரு கம்பெனி இதற்கு வைத்த பெயரே இந்த வகைக்குப் பெயராகிவிட்டது. அசையும் பாகம் ஒன்றுமில்லை. விலையும் குறைவு. குறை என்னவென்றால் இறகு மயிரை உரசிக்கொண்டுதான் போகும். வேகம் கொஞ்சம் குறையும், இறகும் தேயும். நிஜப் பறவை இறகு கட்டிய அம்புக்கு இது ஆகாது. விறைப்பான பிளாஸ்டிக் இறகு வேண்டும்.

மற்றொன்று விழும் தாங்கி. நாணை இழுக்கும்போது எழுந்து நின்று அம்பைத் தாங்கும். நாணை விட்டதும் சட்டென்று கீழே விழுந்து இறகுக்கு வழி விடும். உரசலே இல்லை. ஆனால் அதை எழுப்புவது ஒரு மெல்லிய கயிறு. சில வகைகளில் கயிற்றை வில்லின் கேபிளில் கட்டுவார்கள். இழுக்கும்போது கேபிள் கயிற்றை இழுத்துத் தாங்கியை எழுப்பும். வேறு சிலவற்றில் வில்லின் கையிலேயே கட்டுவார்கள். அதில் தாங்கி தன் ஸ்பிரிங்கால் எழுந்து நிற்கப் பார்க்கும். சும்மா இருக்கும்போது கயிறுதான் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கும்.

பையன் கேபிளில் கட்டும் விழும் தாங்கியை எடுத்தான். "இதுலதான் குறி சுத்தமா இருக்கும் மாமா" என்றான். "கயிறு நழுவினா என்னடா ஆகும்?" என்று கேட்டேன். சிரித்தான்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. தோட்டத்தில் அட்டைப் பலகையை நிறுத்தி எய்தபோது அம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஆனால் காடு தோட்டமில்லை. போன அக்டோபரில், சாயங்காலம், இருபது மீட்டர் தூரத்தில் ஒரு ஷெவ்ரோய். நம் ஊர் ஆட்டுக்கிடா அளவே உள்ள சிறிய மான். வில்லைத் தூக்கிக்கொண்டு புதரில் நுழைந்து வந்ததில் கயிற்றைப் பிடித்திருந்த திருகு இளகிக் கயிறு நழுவியிருந்தது. தாங்கி பாதிதான் எழுந்தது. இருட்டும் நேரத்தில் அவன் கவனிக்கவில்லை. நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு பின்தொடையில் பாய்ந்தது. மான் ஓடிவிட்டது. மறுநாள் காலை மோப்ப நாயோடு ஒருவர் வந்து ரத்தத் தடத்தைப் பிடித்துத் தேடினார். கண்டுபிடித்தபோது அதற்கு உயிர் இருந்தது. முடித்து வைத்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க அது என்ன பாடுபட்டிருக்கும்! பையன் மாசக்கணக்கில் வில்லைத் தொடவில்லை.

வேட்டையே பாவம் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. வேட்டையாடுகிறவன் அந்த மிருகத்துக்கு ஒரு கடன் பட்டிருக்கிறான். சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அந்தக் கடன். ஆகவே, எது துல்லியமாக எய்யும் என்று கேட்டுத் தாங்கி வாங்குவது பந்தயக்காரனுக்குச் சரி. வேட்டைக்காரன் முதலில் கேட்க வேண்டியது, இது கெட்டால் என்ன ஆகும் என்பதைத்தான். வளையத்தில் கெடுவதற்கு அதிகமில்லை. மயிர் தேயும், உறைபனியில் விறைக்கும், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வில்லின் கையில் கட்டும் வகையில் கயிறு அறுந்தாலும் தாங்கி நின்றபடியே இருக்கும், உரசினாலும் எய்யலாம். கேபிளில் கட்டும் வகையில் கயிறு அறுந்தால் தாங்கி எழாது, அதுவாவது தெரிந்துவிடும். பாதி நழுவினால்தான் ஆபத்து, ஒன்றுமே தெரியாது. இருபது மீட்டர் தூரத்தில் வளையத்தால் குறையும் வேகமெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

ஆபீசிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங் கிளிப் போட்ட கோப்பு அழகாக இருக்கும். ஒருநாள் கிளிப் இளகினால் தாளெல்லாம் தரையில். நூல் நாடாவில் கட்டிய கோப்பு முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும்.

எந்தத் தாங்கியானாலும் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன என்று பையனிடம் சொன்னேன். திருகு மேல் பெயின்டால் ஒரு கோடு போடு. கோடு விலகினால் திருகு இளகிவிட்டது. இறகில் பவுடர் தூவி எய்து பார், எங்கே உரசுகிறது என்று தெரியும். விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் வழியாக எய்து பார். கிழிசல் நீளாமல் வட்டமாக இருந்தால் அம்பு நேராகப் போகிறது. அம்பு தட்டும் இடங்களில் துணி ஒட்டு. சத்தம் அம்பைவிட நாலு மடங்கு வேகமாகப் போய் மானை எழுப்பிவிடும். புறப்படும் ஒவ்வொரு முறையும் நாணை ஒரு தடவை மெதுவாக இழுத்து, தாங்கியைப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

"சரி மாமா" என்றான். வளையமே வாங்குவதாகவும் சொன்னான். நம் பிள்ளைகளில் வேறு யாரேனும் அங்கே வில்லெடுத்திருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் போனில் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.