சும்மா ஒரு கையெழுத்து

கடன் விண்ணப்பத்தில் ‘இணை விண்ணப்பதாரர்’ என்று ஓர் இடம் இருக்கிறது. மனைவிக்கென்றே ஒதுக்கியதுபோல. “சும்மா ஒரு கையெழுத்துதான், போடுங்க மேடம்” என்று பேனாவை நீட்டுவார்கள். எதற்கு என்று அவள் கேட்டால், அலுவலர் பதிலைக் கணவனிடம் சொல்வார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குச் ‘சும்மா’ என்ற சொல் தெரியாது. இருவர் சேர்ந்து கடன் வாங்கினால், முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம் என்கிறது அதன் 43ஆவது பிரிவு. ஜாமீன் கையெழுத்து என்றால் 128ஆவது பிரிவு: வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவளுக்கும் அவ்வளவு.

என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது பள்ளி ஆசிரியை. மணமுறிவுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டாள், மறுத்துவிட்டார்கள். முன்னாள் கணவன் கடை வைக்க வாங்கிய கடனில் அவள் இணை விண்ணப்பதாரர். அவன் கட்டாமல் விட்ட தவணைகள், மாதவாரியாக அவளுடைய கடன் அறிக்கையில் நிற்கின்றன. குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். சட்டப்படி அது சரி. சரியாக இருப்பதுதான் என் கோபம்.

திருத்தம் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஊரில் எல்லாரும் சிபில் என்று சொல்லும் அந்த அறிக்கையை, நான்கு நிறுவனங்களிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். பிழை இருந்தால் முறையிடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். முடித்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டால், யாருடைய கடனோ உங்கள் பெயரில் ஏறியிருந்தால், இவை உதவும். பயன்படுத்துங்கள்.

ஆனால் கடன் தந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் அறிக்கையில் ஒரு வரியும் மாறாது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அப்படி. பஞ்சாயத்தில் வழக்குக் கொண்டுவந்தவரே தீர்ப்பும் சொல்வதைப் போல. தொகை சரியா, தேதி சரியா, பெயர் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். பணம் யார் கைக்குப் போனது, கையெழுத்துப் போடச் சொன்ன இரவில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எழுத அங்கே இடமில்லை. அவளுக்கு வந்த பதில் ஒரே வரி: தகவல் சரியாகவே உள்ளது.

அதே 2005இல்தான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. ‘பொருளாதார வன்முறை’ என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒரே ஆண்டில் ஒரே நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்கள். ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழுவதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அவள் நகையை அவன் பெயரில் அடகு வைத்து ஒழுங்காக மீட்டால், உயர்வது அவன் மதிப்பெண். வளையல் அவளுடையது, நாணயம் அவனுடையது.

இதற்குப் பெண்களுக்கு ‘நிதி அறிவு’ போதாது என்று மருந்து சொல்கிறார்கள். ஒவ்வொரு மார்ச் 8க்கும் எங்கள் கல்லூரி மேடையில் அதைக் கேட்கிறேன். (பொன்னாடையும் உண்டு.) அடுப்படி அஞ்சறைப்பெட்டியில் ஒளித்த காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு நிதி அறிவு இல்லையாம். அவளுக்குக் கையெழுத்தின் பொருள் தெரியாமல் இல்லை. மறுத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

சட்டத்தை மாற்ற முடியாது என்பதெல்லாம் சாக்கு. அமெரிக்காவில் வரிப் பாக்கிப் பதிவுகளை மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களும் 2018க்குள் அறிக்கைகளிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டன. பாக்கிக்காரர் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் விவரங்கள் அவற்றில் போதவில்லை என்பது காரணம். ஆள் மாறிவிடும் என்பதற்காக ஒரு வகைப் பதிவையே நீக்க முடிகிறதென்றால், பணத்தைக் கண்ணாலும் பார்க்காதவளின் பெயரை ஏன் நீக்க முடியாது?

இணை விண்ணப்பதாரரைத் தனியே உட்காரவைத்து, தமிழில் எடுத்துச் சொல்லி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தவணை தவறியதுமே அவளுடைய கைபேசிக்கும் செய்தி வர வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆணை பெற்றவளின் அறிக்கையில், அந்தக் கடன் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. அடுத்த மார்ச் 8க்கு வங்கி மேலாளர் வரும்போது மாணவிகள் எழுந்து கேட்கட்டும்: உங்கள் கிளையில் கையெழுத்துப் போட்ட மனைவிகளில் எத்தனை பேரிடம், கணவன் பக்கத்தில் இல்லாமல் பேசியிருக்கிறீர்கள்?