கடைசி நேரத்தில் அறை தேடுவோர்: பெருநகரங்களில் அவசரத்துக்குக் கொடுக்கும் விலை

மும்பை: புற்றுநோயாளி சிகிச்சைக்காக மும்பைக்கு வர ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு மருத்துவமனைச் செலவில் அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. ஆனால், ரயிலை விட்டு இறங்கிய முதல் இரவை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கு மட்டும் இன்னமும் தெளிவான விடை இல்லை. பரேல் பகுதியில் டாடா நினைவு மருத்துவமனையை ஒட்டிய நடைபாதைகளில் பாயும் பையுமாகத் தங்கியிருக்கும் குடும்பங்களே இதற்குச் சான்று.

பெருநகரத்தில் கடைசி நேரத்தில் குறைந்த வாடகைக்கு அறை தேடுவது பொதுவாகச் சுற்றுலாப் பயணிகளின் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. திட்டமிடாமல் புறப்பட்டதன் விளைவு என்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் இவ்வாறு தேடுவோரில் பலர் திட்டமிட வாய்ப்பே இல்லாதவர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்துடன் வருபவர், தேர்வு மையம் வேறு மாநிலத்தில் ஒதுக்கப்பட்டவர், நேர்காணலுக்கு இரண்டு நாள் அவகாசத்தில் அழைக்கப்பட்டவர், விமானம் ரத்தாகி நள்ளிரவில் நிற்பவர் ஆகியோர் இந்த வரிசையில் உள்ளனர். இவர்களிடம் இல்லாதது பணம் மட்டுமல்ல; முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வாய்ப்பும்தான்.

முன்னறிவிப்பு இல்லாத பயணங்கள்

2024-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி நடைபெறவிருந்த முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு, அதற்கு முந்தைய நாள் இரவில் ஒத்திவைக்கப்பட்டது. அந்த நேரத்தில் தேர்வர்களில் பலர் தேர்வு நடைபெறும் நகரங்களை அடைந்து, அறை எடுத்துத் தங்கியிருந்தனர். ஆகஸ்ட் 11-ஆம் தேதி மறுபடியும் தேர்வு நடத்தப்பட்டபோது, சொந்த ஊரிலிருந்து வெகுதொலைவில் மையம் ஒதுக்கப்பட்டதாகப் பலர் புகார் தெரிவித்தனர். பயணச்சீட்டுக்கும் அறைக்கும் அவர்கள் இரண்டு முறை செலவிட நேர்ந்தது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, டெல்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட விமான நிலையங்களில் ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இயக்கப்படவில்லை. மறுநாளே மத்திய அரசு விமானக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 7,500 ரூபாய், 1,000 முதல் 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய் என அது அமைந்தது. விடுதி அறைகளுக்கு இத்தகைய வரம்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை. இருக்கையின் விலையை நெருக்கடிக் காலத்தில் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டிய அதே வாரத்தில், படுக்கையின் விலை சந்தையிடமே விடப்பட்டது.

விலை எவ்வாறு உயர்கிறது?

விற்காமல் போன அறையை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. ஆகவே, தேவை குறைவான நாள்களில் இரவு நேரத்தில் விடுதிகள் வாடகையைக் குறைப்பதுண்டு. கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இதிலிருந்தே பிறந்தது. ஆனால், பெரும்பாலான அறைகள் ஏற்கெனவே நிரம்பிவிடும் நகரங்களில் இக்கணக்கு தலைகீழாகிறது. எஞ்சியிருக்கும் சில அறைகளுக்குத் தேடுவோர் பெருகுவதைக் கண்டு, விலை நிர்ணயிக்கும் மென்பொருள் வாடகையை உயர்த்திக்கொண்டே செல்கிறது.

2025 ஜனவரி 18, 19, 21 ஆகிய தேதிகளில் நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கியபோதே, சுற்றுவட்டார விடுதிகளில் அந்த நாள்களுக்கான வாடகை பல மடங்கு உயர்ந்தது. அதே நவி மும்பையின் கார்கர் பகுதியில்தான் டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை வளாகம் அமைந்துள்ளது. அறை கேட்பவர் இசை ரசிகரா, நோயாளியின் மகனா என்ற வேறுபாடு மென்பொருளுக்குத் தெரியாது.

அறை வாடகையை அரசு கட்டுப்படுத்துவது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1947-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பம்பாய்ச் சட்டத்தின் பெயரே வீட்டு வாடகையுடன் ஓட்டல், தங்கும் விடுதிக் கட்டணங்களின் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் குறிப்பிட்டது. அதற்குப் பதிலாக வந்த 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பெயரில் விடுதி என்ற சொல் இல்லை.

மலிவான இடங்களும் அவற்றின் நிபந்தனைகளும்

மும்பையில் குறைந்த செலவில் தங்கும் இடங்களே இல்லை என்று கூற முடியாது. புற்றுநோயாளிகளுக்காகத் தாதரில் சந்த் காட்கே மகாராஜ் தர்மசாலை, பாந்திராவில் டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் இல்லம், பரேலில் நானா பால்கர் ஸ்மிருதி சமிதி ஆகியவை செயல்படுகின்றன. சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு செயின்ட் ஜூட் மையங்கள் உள்ளன. வாஷி பகுதியில் அசாம், கேரளம் உள்ளிட்ட சில மாநில அரசுகளின் இல்லங்களும் இருக்கின்றன.

எனினும், நோயாளிகளுக்கான இல்லங்களில் இடம்பெற மருத்துவமனையில் பதிவு செய்த கோப்பும், பெரும்பாலும் அங்குள்ள சமூகப் பணித் துறையின் கடிதமும் தேவைப்படுகின்றன. பதிவு செய்த பிறகும் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். அதிகாலையில் ரயிலில் வந்திறங்கும் குடும்பத்திடம் இவற்றில் எதுவும் இருப்பதில்லை. வாசலில் வந்து நின்றதும் அறை தரும் தனியார் விடுதியோ அவர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. மலிவான இடம் முன்னறிவிப்பைக் கேட்கிறது. முன்னறிவிப்பைக் கேட்காத இடம் பணத்தைக் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான முதல் சில இரவுகளே நடைபாதையில் கழிகின்றன.

கதிரியக்கச் சிகிச்சை பெறுவோரின் நிலை இன்னும் கடினமானது. வாரத்தில் ஐந்து நாள்கள், சில நிமிடச் சிகிச்சைக்காகப் பல வாரங்கள் வந்து செல்ல வேண்டியிருக்கும். உள்நோயாளியாகச் சேர்க்கப்படாததால் மருத்துவமனையில் படுக்கை கிடைப்பதில்லை. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில், மருத்துவமனைக்கு வெளியே எடுக்கும் அறையின் வாடகை அடங்காது. படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு குளிர்சாதனப் பெட்டியிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டண விலக்கும், உடன் வருபவருக்கு 75 சதவீதச் சலுகையும் அளிக்கும் அரசு, அவர்களை நகரத்தின் வாசலில் இறக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

வேலூரின் நிலை இதற்கு மாறானது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருவோருக்காக, சுற்றியுள்ள தெருக்களில் சிறிய லாட்ஜுகள் வளர்ந்துள்ளன. நாள் வாடகைக்கு அறையுடன் சமைத்துக்கொள்ளும் வசதியும் அவற்றில் பலவற்றில் கிடைக்கிறது. நிலத்தின் விலை இடம் கொடுத்தால் சந்தை தானாகவே இத்தேவையை ஈடுசெய்யும் என்பதை வேலூர் காட்டுகிறது. நிலத்தின் விலை விண்ணைத் தொடும் பரேலில் அது நடக்கவில்லை.

ரயில் நிலையம் தரும் தற்காலிகத் தீர்வு

ஓரிரு இரவுகளுக்கு ரயில் நிலைய ஓய்வறைகளும் பொதுப் படுக்கைக் கூடங்களும் பயன்படக்கூடியவை. உறுதியான அல்லது ஆர்ஏசி பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு, பயணம் தொடங்கும் அல்லது முடியும் நிலையத்தில் இவற்றை ஐஆர்சிடிசி இணையதளம் வழியே பதிவு செய்யலாம். தங்கும் காலம் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் அமைகிறது. 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இந்திய ரயில்வேயின் முதல் பாட் ஓட்டல் திறக்கப்பட்டது. ஒருவர் படுக்கும் அளவிலான சிற்றறைக்கு, தொடக்கத்தில் 12 மணி நேரக் கட்டணம் 999 ரூபாயாக இருந்தது. தனிப் பயணிக்கு இது பொருந்தும்; நோயாளியும் துணையும் குழந்தையுமாக வரும் குடும்பத்துக்குப் பொருந்தாது.

வரியின் பக்கம் நிலைமை சற்றுச் சீரடைந்துள்ளது. நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18-ஆம் தேதி நீக்கப்பட்டு, 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. 1,000 ரூபாய் அறைக்கு 120 ரூபாயாக இருந்த வரி இப்போது 50 ரூபாய். ரயில் நிலைய ஓய்வறைகளுக்கு வரியிலிருந்து விலக்கு அளிக்க 2024 ஜூன் மாதக் கூட்டத்தில் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. ஆயினும், அடிப்படை வாடகையே ஒரே இரவில் இரு மடங்காகும்போது, வரியில் மிஞ்சும் எழுபது ரூபாய் பெரிய ஆறுதல் ஆகாது.

அறை தேடுவோர் அறிய வேண்டியவை

செயலிகளில் "இரண்டு அறைகளே மீதம்" என்று தோன்றும் அறிவிப்பைக் கண்டு பதற வேண்டியதில்லை. 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிடப்பட்ட மத்திய வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. பொய்யான அவசரத்தை உருவாக்குவதும், முதலில் குறைந்த விலையைக் காட்டிப் பிறகு கட்டணங்களைச் சேர்ப்பதும் அவற்றில் அடங்கும். இத்தகைய அனுபவம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

பணம் செலுத்தும் முன் விடுதியை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, அறை இருப்பதையும் இறுதித் தொகையையும் உறுதி செய்துகொள்வது நல்லது. நள்ளிரவில் சென்று, பதிவு விடுதிக்கு வந்து சேரவில்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் நிலையை இது தவிர்க்கும். அனைவரின் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, விமான நிறுவனமே இலவசமாகத் தங்குமிடம் அளிக்க வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி.

மும்பையில் தானே, வாஷி, பன்வெல் போன்ற இடங்களில் வாடகை ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால், காலை நேர மின்சார ரயிலின் நெரிசலில் நோயாளியால் பயணம் செய்ய முடியாது. டாக்சிக்கு ஆகும் தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொலைவில் எடுக்கும் மலிவான அறை எப்போதும் மலிவாக அமைவதில்லை.

எங்கே இடைவெளி?

தங்குமிடம் தொடர்பான அரசின் அண்மைக் கொள்கைகள் சுற்றுலாவை மையமாகக் கொண்டவை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் 50 முன்னணிச் சுற்றுலாத் தலங்களின் மேம்பாடும், இல்லத் தங்கல் விடுதிகளுக்கு முத்ரா கடனும் அறிவிக்கப்பட்டன. மறுமுனையில், வீடற்றோருக்காக ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.24 கோடி மக்கள் வாழும் மும்பைக்கு, இந்த அளவுகோலின்படி 120-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் தேவை. செயல்படுபவை அதில் சிறு பங்கே. விரும்பிப் பயணம் செய்பவருக்கு ஒரு கொள்கையும், வீடற்றவருக்கு ஒரு கொள்கையும் இருக்க, வீடு இருந்தும் வேறு ஊரில் தவிக்க நேர்ந்தவர் இரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகிறார்.

அதே பட்ஜெட்டில் இடம்பெற்ற மற்றோர் அறிவிப்பு, பிரச்சினையின் வேரைத் தொடுகிறது. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்கான பகல்நேரச் சிகிச்சை மையங்கள், அவற்றில் 200 மையங்கள் 2025-26 நிதியாண்டிலேயே அமைக்கப்படும் என்று அரசு கூறியது. கீமோதெரபி சொந்த மாவட்டத்திலேயே கிடைத்தால், மும்பையில் அறை தேடும் தேவையே குறையும்.

அதுவரைக்கும் ரயில்வேயிடமிருந்தே ஒரு பாடம் கற்கலாம். அவசரப் பயணம் தவிர்க்க முடியாதது என்பதை ஏற்று, 1997-ஆம் ஆண்டு முதல் தட்கல் ஒதுக்கீட்டை அது நடத்திவருகிறது. நோய், மரணம், நேர்காணல் போன்ற காரணங்களுக்கு அவசர ஒதுக்கீடும் தனியே உண்டு. தர்மசாலைகள், அரசு இல்லங்கள், ரயில் நிலையப் படுக்கைக் கூடங்கள் ஆகியவற்றில் ஒரு சிறு பங்கை முதல் மூன்று இரவுகளுக்கு மட்டும், மருத்துவப் பரிந்துரைக் கடிதத்தையோ தேர்வு நுழைவுச்சீட்டையோ காட்டியதும் வழங்கும் வகையில் ஒதுக்கிவைப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. எங்கே எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன என்பதை ஒரே இடத்தில் காட்டும் பட்டியலும், அதை நாளும் புதுப்பிக்கும் ஏற்பாடும் போதும்.

பரேல் நடைபாதையில் படுத்திருப்பவர்களில் பலர், சில நாள்கள் கழித்து ஏதேனும் ஒரு தர்மசாலையில் இடம் பெற்றுவிடுகின்றனர். அவர்கள் காலி செய்யும் இடத்தில், அடுத்த ரயிலில் வந்த குடும்பம் பாயை விரிக்கிறது.