ஏரி வெயில் தந்த நிறம்

பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில், உப்புக்காற்றுக்கும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் தப்பிய குடும்பப் படங்கள் அரியவை. அவற்றின் கறையையும் கிழிசலையும் ஃபோட்டோஷாப்பில் நீக்குவது நற்பணியே. ஆனால் ஸ்டுடியோக்காரர் பலர் அதோடு நிற்பதில்லை; கேளாமலே முகத்தை வெளுப்பாக்கிச் சுருக்கங்களையும் வழித்துவிடுகின்றனர். நெகட்டிவின்மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்த பழைய கைகளும் சுருக்கம் மறைத்தவைதாம். ஆயினும் ஆளையே மாற்றியதில்லை. ஏரி வெயிலில் வலை வீசிக் கறுத்த முகத்தை வெளுப்பாக்கினால், பேரப்பிள்ளைகள் யாரைத் தாத்தா என்று அறிவர்?

நோயுற்றவர் படத்தில் மூக்குக்குழாயை அழிக்கலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். மூலப்படத்தைத் தனியே சேமியுங்கள். மருத்துவருக்குக் கைபேசியில் அனுப்பும் படத்திலோ ‘பியூட்டி ஃபில்டர்’ அறவே கூடாது: காமாலையின் மஞ்சளும் இரத்தசோகையின் வெளிறலும் அதில் மறைந்துவிடக்கூடும்.