பேய்க்கும் கூழ் வார்த்த தமிழ்

முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், தம் பரணியிலே குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் தவறாது கூழ் வார்ப்பித்தார். மாறுபட்டோர்க்கும் பந்தியில் இடமுண்டு என்பதே அவர் காட்டிய மரபு.

2011இல் வந்த ‘காஞ்சனா’ திரைப்படத்திலோ, திருநங்கையும், அவருக்குப் புகலிடம் தந்தவரின் மனவளர்ச்சி குன்றிய மகனும் கொலையுண்டு பேயான பின்னரே நீதி காண்கின்றனர். அதனை இரக்கம் என்பர் சிலர். மாண்டோர்க்குச் சிந்தும் கண்ணீர் வாழ்வோரின் பசியாற்றுமா?

சரித்திரப் பேய்க்கதை புனையும் எழுத்தாளர்களே! திருநங்கையையும், முகம் நோக்கிப் பேசாத ஆட்டிசக் குழந்தையையும் அச்சப் பொருளாக்காதீர். பேயை எதிர்த்து நின்று வெல்லும் மாந்தராகப் படையுங்கள்.

பிரேசர் டவுனில் அயலாராய் வந்து குடியேறிய நாம், ‘இவர் வேறு’ எனச் சுட்டும் விரலின் கொடுமையை அறிவோம். அவ்விரலை நம் கதைகள் நீட்டலாமா?