நெறிமுறையும் உரைநடையும்

பொறியியல் பயிலும் மாணவர்க்கு மொழிப்பயிற்சி மிகையென்று கருதுவோர் நம் கொங்குநாட்டிற் பலர். கணிப்பொறிக்குக் கட்டளையிடத் தெரிந்தாற் போதும், கட்டுரை எழுதுவானேன் என்பது அவர்தம் வினா. அக்கருத்துப் பிழையுடைத்து என்பதைப் பொறியியலறிஞர் ஒருவரின் பணிகொண்டு காட்ட விழைகின்றோம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று மேற்பட்டமும் எய்தியவர் டி. ஸ்ரீதர். தகவல்தொடர்பு மென்பொருள் அமைக்கும் முறை குறித்து 2003 இல் நூல் எழுதினார். 2009 இல் மேகக் கணிமையை விளக்கிக் கட்டுரை வரைந்தார். 2014 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 7348 என்னும் ஆவணத்தை யாத்த மல்லிக் மகாலிங்கம் முதலிய எண்மருள் அவரும் ஒருவர்.

அவ்வாவணம் உரைப்பது யாது? பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் ஒன்றே பலர் வயலுக்கும் நீர் தருவதுபோல, ஒரே கம்பிவலை பல நிறுவனங்களின் செய்திகளைச் சுமக்கின்றது. ஒருவர் செய்தி மற்றொருவர்பாற் சேர்தலாகாது. அவற்றைப் பிரித்துவைக்கப் பழைய வீலான் முறையில் 4,094 எண்களே உண்டு. புதிய வீஎக்ஸ்லான் முறையோ, கடிதத்தை உறையோடு மற்றோர் உறையிலிட்டு, உரியவரின் எண்ணையும் உடன் சேர்ப்பது போன்றது. அதற்கு 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் உள. 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7 இலேயே இம்முறை இடம்பெற்றுவிட்டது.

வெவ்வேறு நிறுவனத்தார் செய்த பொறிகள் தம்முட் பிறழாது உரையாடுவது எதனால்? ஆவணத்தின் சொற்றெளிவால் அன்றோ? கட்டாயம் எது, தக்கது எது, விருப்பம் எது என்பவற்றை உணர்த்தும் சொற்களுக்கு 1997 இல் ஆர்.எஃப்.சி. 2119 வகுத்த பொருளையே அது தழுவுகின்றது. ஒரு வினைமுற்று ஐயத்துக்கு இடமாயின் இரு பொறிகள் முரணும். இஃது இலக்கணமன்றி வேறென்?

தமிழ்வழிப் பள்ளியினின்று கோவைக்கு வரும் எம் தோழர் பலர், கட்டளைகளை நெட்டுருச் செய்கின்றனர். காரணம் வினவின் நாணித் தலைகுனிகின்றனர். அறிவின்மையன்று குறை, தம் மொழியில் ஒருமுறையேனும் எடுத்துரைத்துப் பழகாமையே குறை. ஆங்கில ஆவணத்தைப் படித்தல் வேண்டா என்கிலோம். படித்ததைத் தமிழில் எழுதிக்காட்டுக என்கின்றோம். பொள்ளாச்சியில் தம் நீர்முறைக்குக் காத்திருக்கும் தந்தையார்க்கு விளங்க எழுத வல்லவனே, தானும் விளங்கிக்கொண்டவன். தமிழ் பயிலும் யாமோ அவர்களருகிருந்து சொற்குற்றம் களையக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வழி யாமும் புதியதொன்று கற்போம். விடுதியின் மாலைப்பொழுதில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். வரும் ஆண்டு மலரில் அத்தகைய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறுவதாக.